பேர் சொல்லாதவர்கள் போட்ட கட்டம்

நெரை பிரிக்கும்போதுதான் அது வந்தது.

காலை நேரம். பனி இறங்கி மலை பாதிதான் தெரிந்தது. அடி ரோட்டில் என் கேங் பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இன்ன நெரையில் (தேயிலைச் செடி வரிசையில்) ஏறு என்று விடுவது கங்காணி வேலை. வருசக்கணக்காகச் செய்த வேலை. யோசிக்காமல் வாய் சொல்லும்.

முதலில் நின்றவள் முனியம்மா. எனக்கு அத்தை மகள். அவளைப் பார்த்து "கதவு" என்றேன்.

"தொறக்கவா, சாத்தவா மச்சான்?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் மறுபடி சொன்னேன். மறுபடியும் கதவுதான் வந்தது. அது அவள் பேர் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவள் பேர் என்ன என்பது தெரியவில்லை. கையிலிருந்த கம்பு விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன். வலது கை வேறு யாருடையதோ மாதிரி தொங்கியது.

சிரிப்பு நின்றது. கொழுந்துச் சாக்கில் போட்டு என்னைக் கீழே தூக்கி வந்தார்கள்.

இதே நோய் வந்தவர்களுக்கும், அவர்களை வைத்துப் பார்க்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அதிகம் பேசுகிற ஆளும் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

தோட்டத்து மருந்து கொடுக்கிறவர் யாழ்ப்பாணத்துக்காரர். மருந்தையா என்போம். அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் (இரத்தக் கொதிப்பு) பார்த்தார். மேலே போயிருந்தது. பக்கவாதம் என்றார். (மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் அடைத்து, உடம்பில் ஒரு பக்கம் விழுந்துபோவது. வலது பக்கம் விழுந்தால் பலருக்குப் பேச்சும் சேர்ந்து போகும்.) தோட்டத்து லொறியிலேயே டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார். கூட வந்தது என் பொஞ்சாதி பாக்கியம் ஒருத்திதான்.

இங்கே ஒரு விசயத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். பிறகு நடந்தது எல்லாம் இதில் இருந்துதான் வந்தது.

எங்கள் பெண்கள் புருசன் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் புருசனுக்கு ஆயுசு குறையும் என்பது நம்பிக்கை. யாராவது கேட்டால் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். கேட்கிறவர் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் துண்டு (நோயாளிச் சீட்டு) எழுதுகிறவர் சிங்களவர். தமிழ் கொஞ்சம் தெரியும். "பேர் என்ன?" என்று கேட்டார்.

பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு, "முருகன் கையில இருக்குமுங்க," என்றாள்.

அவர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "கையில் என்ன? பேர் கேட்டது."

"அதாங்க. அவரு கையில இருக்கிறதுதான் பேரு. பின்னால இன்னும் கொஞ்சம் வருமுங்க."

வரிசையில் நின்றவர்கள் உதவிக்கு வந்தார்கள். "வேலுவா?" என்றார் ஒருவர். பாக்கியம் தலையை ஆட்டி, "இன்னும் நீளம்," என்றாள். "சேவக்கொடியா?" "கொடி இல்லீங்க." "வேல்முருகனா?" "கிட்ட வந்துட்டீங்க." பின்னால் நின்ற ஒருத்தி, "நீங்க பேரு கண்டுபிடிக்கிறதுக்குள்ள என் புள்ளை ரத்தமே போயிரும்," என்று சத்தம் போட்டாள். நான் பெஞ்சில் இருந்து சரிந்துகொண்டிருந்தேன். அப்போது யாரோ "வேலுச்சாமி" என்றார்கள். பாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். துண்டில் அது ஏறிவிட்டது.

என் பேர் வேலாயுதம்.

வார்டில் டாக்டரம்மா காலையில் வருவார். சிங்களப் பெண்மணி. மெதுவாகத் தமிழ் பேசுவார். கட்டில் பக்கத்தில் நின்று, "வேலுச்சாமி, கையைத் தூக்குங்க," என்பார். நான் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்ப்பேன். அவர் தூக்குவார் என்று காத்திருப்பேன். அவரும் என்னைப் பார்ப்பார். "வேலுச்சாமி, கண்ணை மூடுங்க." யாரோ வேலுச்சாமி சொன்ன பேச்சுக் கேட்காத ஆளாக இருக்கிறானே என்று நினைத்துக்கொள்வேன். டாக்டரம்மா ஏதோ எழுதிவிட்டுப் போவார்.

எழுதியது என்ன என்பது பிறகு தெரிந்தது. இந்த நோயாளிக்குப் பேச்சு மட்டும் போகவில்லை. சொன்னது விளங்குவதும் போய்விட்டது. தன் பேரே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த பாக்கியத்திடம் அதைச் சொன்னார்கள். வீட்டில் வைத்துச் சாப்பாடு கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், வேலைக்கு இனி அனுப்ப முடியாது என்றார்கள். அவள் அழவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியது என்று சொல்ல வழி இல்லை.

அந்தப் படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர் முன்னால் வைத்து அவரைப் பற்றிப் பேசாதீர்கள். வாய்தான் விழுந்தது, காது விழவில்லை.

அடுத்த ஞாயிறு முனியம்மா கூட வந்தாள். டாக்டரம்மா அப்போது வார்டில்தான் இருந்தார். முனியம்மாவுக்கு மலையில் பேசிப் பழகிய தொண்டை. வாசலிலேயே ஆரம்பித்தாள்.

"வேலாயுத மச்சான், நல்லா கம்பளி போத்திப் படுத்துக்கிட்டீங்க. அங்க அட்டைக் கடியில எங்கள விட்டுட்டு."

நான் திரும்பினேன். இடது கையைத் தூக்கினேன்.

டாக்டரம்மா நடந்துகொண்டிருந்தவர் நின்றார். "யார் வேலாயுதம்?"

"இவருதாங்கம்மா."

"அப்ப வேலுச்சாமி?"

"அது யாருங்கம்மா?" என்றாள் முனியம்மா.

எல்லாரும் பாக்கியத்தைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துக்கொண்டு, "கிட்டத்தட்ட அதே மாதிரிதானேங்க இருந்திச்சு," என்றாள்.

முனியம்மாதான் வழக்கத்தை விளக்கினாள். டாக்டரம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் கட்டிலில் உட்கார்ந்தார். "வேலாயுதம், கண்ணை மூடுங்க," என்றார். மூடினேன். "இடது கையால் மூக்கைத் தொடுங்க." தொட்டேன். எழுதி வைத்திருந்ததைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். அந்தக் கோடு பேப்பரில் கிறுக்கிய சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு ஏதோ வந்தது. அவருக்கு விளங்கியிருக்கும்.

இதற்குப் பேர் அபேசியா என்றார். (சொல் உள்ளே இருக்கும். எடுத்து வெளியே கொண்டுவருகிற பாதை அடைபட்டிருக்கும்.) பாதை திறக்கலாம், திறக்காமலும் போகலாம், ஆளைப் பொறுத்தது என்றார். பிறகு பாக்கியத்திடம் கேட்டார்.

"துண்டு எழுதிறவரிடம் என்ன சொன்னீங்க?"

"முருகன் கையில இருக்குமுன்னு சொன்னேங்க."

"வீட்டிலும் அப்படியே கேளுங்க. விடையை மட்டும் சொல்லாதீங்க. அவரே தேடி எடுக்கணும். தேடுறதுதான் மருந்து."

உப்பையும் கருவாட்டையும் குறைக்கச் சொன்னார். சாராயம் கூடவே கூடாது. பிரஷர் மாத்திரை கொடுத்தார். துணியைப் பந்தாகச் சுருட்டி வலது கையால் பிசையச் சொன்னார். ஊருக்கு வந்தேன்.

விடையைச் சொல்லாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லாரும் நல்லவர்கள். நான் வாயைத் திறந்தால் போதும். "ரொட்டியா? தண்ணியா? கம்பளியா? வெளிய போகணுமா?" என்று நாலு பக்கமும் சொல்லைக் கொண்டுவந்து போடுவார்கள். நான் ஒன்றுக்குத் தலையாட்டுவேன். அவர்களுக்குச் சந்தோசம். சொல் எனக்குள்ளேயே கிடந்துவிடும். பாக்கியமும் அப்படித்தான். நான் திணறுவதைப் பார்க்க அவளுக்கு மனசு வராது.

இதற்கிடையில் கண்டாக்கையா (மலை வேலைகளைப் பார்க்கிற தோட்டத்து உத்தியோகத்தர்) வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"துரைகிட்ட பேசியிருக்கேன் கங்காணி. மாரியம்மன் தேர் முடியிற வரைக்கும் ஒங்க கேங்க நானே பாத்துக்கிறேன். அதுக்குள்ள பேரு கூப்பிட்டு நெரை பிரிக்க முடிஞ்சா சரி. இல்லாட்டி அந்தப் பொம்பளைகள மேல் டிவிசன் கங்காணிகிட்ட சேத்துருவாங்க."

பிறகு எனக்கு என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. கவ்வாத்து வெட்ட (தேயிலைச் செடியைத் தறிக்க) கை இல்லை. மூட்டை தூக்கத் தோள் இல்லை. எனக்கு இருந்தது அந்தப் பெண்களின் பேர்கள் மட்டும்தான். அவையும் அப்போது என்னிடம் இல்லை.

மருந்தையாவுக்குக் குறுக்கெழுத்தில் பைத்தியம். கொழும்புப் பத்திரிகையில் வாரம் ஒன்று வரும். (கட்டம் போட்டு, குறிப்பு ஒன்று கொடுத்திருப்பார்கள். விடையைக் கண்டுபிடித்து ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்தாக எழுத வேண்டும். சில சொல் குறுக்கே போகும், சில சொல் மேலிருந்து கீழே இறங்கும். ஒரு சொல்லின் எழுத்து இன்னொரு சொல்லுக்கும் பொது.) டாக்டரம்மா சொன்னதைக் கேட்டவர், மருந்து வாங்க வந்த என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரி விறாந்தையில் உட்கார வைத்தார்.

"கங்காணியார், இதைப் பாருங்கோ. அரசனுக்கு அழகு. நாலு எழுத்து."

நான் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

இருமல் மருந்துக்கு நின்ற முனியம்மா, "இவரு எந்த அரசனைக் கண்டாரு? கண்டாக்கையாவத்தான் கண்டிருக்காரு," என்றாள்.

"அப்ப நீர் ஒண்டு சொல்லும் பாப்பம்."

அவள் யோசிக்கவே இல்லை. "மூஞ்சி ஆறு. ஒண்ணயும் கழுவ மாட்டாரு."

விறாந்தையில் நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். முனியம்மாவின் புருசன் ஆறுமுகம். மருந்தையா நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்திரிகையை மடித்து வைத்தார்.

"எல்லாரும் உங்கட புருசன்மாற்றை பேரைச் சொல்லுங்கோ. நாங்களே ஒரு கட்டம் போடுவம்."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"என்ன, பேர் தெரியாதோ?"

"தெரியுமுங்க. சொல்லத்தான் மாட்டோம்."

அப்படித்தான் அந்தக் கட்டம் உண்டானது. ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்து கொடுத்து முடிந்த பிறகு பெண்கள் விறாந்தையில் கூடுவார்கள். ஒருத்தி குறிப்புச் சொல்வாள். மருந்தையா பேரைக் கண்டுபிடிப்பார். பிறகு எந்தப் பேரை எந்தப் பேரோடு கோப்பது என்று பார்ப்பார். தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம். புள்ளி வைத்தவனுக்கும் ஒரு காம்பரா (லயத்து அறை) கொடுக்க வேண்டும் என்பார்.

கருப்பையா பொஞ்சாதி சொன்னது, "ரொட்டி தீஞ்சா வர்ற நிறம். பின்னால மரியாதை வேணுமாம்."

மாரிமுத்து பொஞ்சாதி நல்ல மாதிரி. "மழை பாதி, கடல்ல கெடைக்கிறது பாதி," என்றாள். முனியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "புருசனை இப்படியா தூக்கி வைக்கிறது? உப்புச் சேருடி," என்றாள். ஆறடி உயரமுள்ள சின்னையாவின் பொஞ்சாதி, "லயத்து வாசப்படியில நெத்தி இடிக்கிற ஆளு. பேர்ல மட்டும் குட்டை," என்றாள்.

விசயம் ஆண்களுக்கு எட்டியது. ஆறுமுகம் என்னிடம் வந்து நின்று, "மூஞ்சி கழுவுறதில்லையாம்ல நானு? பாரு," என்று முகத்தைக் காட்டிவிட்டுப் போனான். சவர்க்காரம் மணத்தது.

இப்போது நான் விடை கண்டுபிடிக்க வேண்டும். மருந்தையா என்னிடம் விடையைச் சொல்லவில்லை. வெறும் கட்டத்தோடு பலகையை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பெண்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் வேலை முடிந்து திரும்புகிறபோது ஒவ்வொருத்தியாக என் வாசலில் நின்று அவள் குறிப்பைச் சொல்வாள். சொல்லிவிட்டு நிற்பாள்.

முதலில் வந்தது ராசாத்தி. தன் வெறும் கழுத்தைத் தொட்டுக் காட்டி, "முன்பாதி எங்கிட்ட இல்ல. பின்பாதி கதிர்காமத்துல இருக்கு," என்றாள்.

நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. எது இல்லை என்று தெரிந்தது. அது மஞ்சளாக மின்னும். அடகுக் கடையில் இருக்கும். சொல் நாக்குக்கு அடியில் வந்து திரும்பிப் போனது. நெற்றி வேர்த்தது. பாக்கியம் பலகையைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். ராசாத்தி முகத்தில் பாவம் தெரிந்தது. என்னைக் காப்பாற்ற அவளுக்கு ஆசைதான். ஆனால் எப்படிச் சொல்வாள்? அது அவள் புருசன் பேர்.

அவள் சொல்லமாட்டாள் என்பதால் நான் தேடியே ஆக வேண்டும். அவளும் நிற்கத்தான் வேண்டும். கூடை முதுகில் இருந்தபடியே நின்றாள்.

"தங்…" என்றேன். "தங்கம்." பிறகு கதிர்காமத்துக்குப் போனேன். மயில் வந்தது. காவடி வந்தது. எல்லாம் கண்ணுக்குள் வந்தது. கடைசியில் வேல் வந்தது. "தங்கவேல்."

ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சரி என்றுகூட அவள் சொல்லவில்லை. கண்ணால்தான் சொன்னாள். நோய் வந்த பிறகு நானாக எடுத்த முதல் பேர் அது. இடது கையால் எழுதினேன். எழுத்து கோணல்தான்.

லயத்தில் எல்லாரும் எனக்கு உதவினார்கள். சொல்ல முடியாமல் நின்ற இந்தப் பெண்கள் செய்த உதவிதான் என்னைத் தூக்கியது. அவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அந்த வழக்கத்துக்கும் சேர்த்துத்தான். அதே வழக்கம்தான் என்னை வேலுச்சாமியாகவும் வைத்தது.

நடுவில் ஒரு தடங்கல் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மருந்தையா பலகையைப் பார்க்க வந்தார். குறுக்கே போகிற பேர்கள் சரியாக இருந்தன. மேலிருந்து கீழே இறங்குகிற இடத்தில் விரலை வைத்து வாசித்தார். "துத்முரிமா." மறுபடி வாசித்தார். முகம் மாறிவிட்டது. பாக்கியத்தைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது.

"எழுத்தும் தலைகீழாப் போகுது, பிள்ளை. இது நல்ல குறி இல்லை. கண்டாக்கருக்கு உண்மையைச் சொல்லத்தான் வேணும். தேர் வரைக்கும் வைச்சிருக்கிறது வீண்."

பாக்கியத்துக்கு வாசிக்கத் தெரியாது. கேட்டுக்கொண்டே நின்றாள். நான் எழுந்து பலகையிடம் போனேன். அடிக் கட்டத்தில் விரலை வைத்து மேலே ஏற்றினேன். "மா. ரி. மு. த். து." என்றேன். மறுபடியும் அடியில் வைத்து மேலே ஏற்றினேன்.

மருந்தையா என்னைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். விளங்கவில்லை.

பாக்கியத்துக்கு விளங்கிவிட்டது. "மேலேருந்து யாருங்க நெரை புடிப்பா?" என்றாள்.

எங்கள் மலையில் நெரை அடி ரோட்டில் தொடங்கி உச்சி ரோட்டில் முடியும். செங்குத்தாக ஒரு வரிசை என்றால் எனக்கு அதில் ஏறத்தான் தெரியும். கட்டத்தில் வரிசையைப் பார்த்ததும் நான் அடியில் நின்று ஏறிவிட்டேன். நடு எழுத்து மு. எந்தப் பக்கமிருந்து போனாலும் அது நடுவில்தான் வரும். ஆறுமுகத்தின் முவோடு பொருந்திவிட்டது. அதனால் நான் பிழை காணவில்லை.

மருந்தையா வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிக்க வேணும் கங்காணியார். நான் ஒருநாளும் கொழுந்து எடுத்ததில்லை," என்றார். சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, கட்டத்தைத் தலைகீழாக்கி மறுபடி போட்டார். எங்கள் குறுக்கெழுத்தில் சொற்கள் அன்றிலிருந்து கீழிருந்து மேலே போயின.

கடைசியாக நின்றது ஒரு பேர். அடியில் தங்கவேலின் வே இருந்தது. உச்சியில் ஆறுமுகத்தின் ம் இருந்தது. நடுவில் மூன்று கட்டம் காலி. குறிப்புச் சொல்ல வேண்டியவள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பாக்கியம் அடுப்பில் இருந்து திரும்பாமல் சொன்னாள்.

"முன்பாதி முருகன் கையில. முழுசும் சேந்தா சண்டைக்குக் கொண்டுபோற சாமான்." கொஞ்சம் பொறுத்து, "ஆளுக்குச் சண்டை போடத் தெரியாது," என்றாள்.

ஆஸ்பத்திரியில் என் பேரை மற்றவர்கள் சொன்னார்கள். நான் கேட்டுத் திரும்பினேன். என் வாயால் அது அதுவரை வரவில்லை. மூன்று கட்டமும் ஏற நேரம் எடுத்தது. அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். எடுத்தாள். அடுத்ததைத் தட்டினாள். எழுதி முடித்துச் சத்தமாக வாசித்தேன். அவள் திரும்பினாள். எனக்கு முதல் ரொட்டியை வைத்தாள். உப்பில்லாத ரொட்டி. நன்றாக இருந்தது.

மருந்தையா பிறகும் புதுக் கட்டங்கள் போட்டார். தேர் முடிந்தது. மறுநாள் காலையில் கண்டாக்கையா அடி ரோட்டுக்கு வரச் சொன்னார்.

ஒரு சங்கடம் இருந்தது. நான் பழகியது புருசன்மார் பேர். கூப்பிட வேண்டியது பெண்களின் பேர். ஆனால் பழகப் பழக ஒரு பாதை விழுந்திருந்தது. முகத்தைப் பார்த்தால் அவள் சொன்ன குறிப்பு வரும். குறிப்பில் இருந்து புருசன் வருவான். புருசன் பின்னால் பொஞ்சாதி பேர் வரும். சுற்றுவழிதான். ஆனால் அது போய்ச் சேர்ந்தது.

பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தியும் பேசவில்லை. முனியம்மாகூடப் பேசவில்லை. மருந்தையா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று. கண்டாக்கையா கையில் கடிகாரம்.

முதல் முகம். ஆறு மூஞ்சி. ஆறுமுகம். "முனியம்மா," என்றேன். அவள் நெரையில் ஏறினாள். அடுத்தது ராசாத்தி. அடுத்தது மாரிமுத்து பொஞ்சாதி. ஒவ்வொரு பேருக்கும் எல்லாரும் நின்று காத்தார்கள். கூதல் காற்று. சாக்குப் படங்கை (இடுப்பில் சுற்றுகிற சாக்கை) கட்டிக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் ஒரு பெண். பூண்டுலோயாவில் இருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். மருந்தையா விறாந்தைக்கு அவள் வந்ததே இல்லை. அவள் முகத்தில் எனக்கு ஒரு பாதையும் இல்லை. நின்றேன். காத்தேன். ஒன்றும் வரவில்லை. கண்டாக்கையா கடிகாரத்தைப் பார்த்தார். ஏறின பெண்கள் நெரையிலேயே திரும்பி நின்றார்கள்.

புதுப்பெண் நிலத்தைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. சத்தம் வராத சத்தத்தில், "மொட்டைத் தலையோட, கோவணத்தோட மலை மேல நிக்கிறாருல்ல சாமி? அந்த ஊருங்க," என்றாள்.

மேலே இருந்து சிரிப்பு உருண்டு வந்தது.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று கேட்டார் கண்டாக்கையா.

"சாமி கும்பிடுதுங்கய்யா," என்றாள் முனியம்மா.

பழனி. பழனி வீட்டுக்காரி. கல்யாணத்தன்று பந்தலில் பேர் சொல்லியிருந்தார்கள்.

"அஞ்சலை," என்றேன். "கடைசி நெரை."

அவள் ஏறினாள். கண்டாக்கையா கடிகாரத்தைப் பைக்குள் போட்டார். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். "நேரமாகுது. நாளைக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளன வாங்க கங்காணி," என்றார். அவ்வளவுதான். அவருக்கும் நன்றி.

இது நடந்து சில வருசம் ஆகிறது. கேங் என்னிடம்தான் இருக்கிறது. வலது கை முக்கால்வாசி திரும்பியது. சட்டைப் பொத்தான் போட முடிகிறது. பிரஷர் மாத்திரையை விடவில்லை. நீங்களும் விடாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பேரைச் சொல்லக் கூடியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். நோயாளி தேடுகிறபோது சொல்லைக் கையில் கொடுக்காதீர்கள். நில்லுங்கள். நிற்பதுதான் கஷ்டம். அதைச் செய்யுங்கள்.

முழுதாகக் குணமாகிவிட்டதா என்று கேட்பார்கள். இல்லை. இப்போதும் முகத்துக்கும் பேருக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. மூச்சு ஒன்று இழுத்துவிடுகிற நேரம். முன்பு அது கிடையாது. பேர் வாயில் இருந்து விழும், ஆள் ஏறிவிடும். யார் இருமுகிறாள், யார் வயிற்றுப் பிள்ளைக்காரி, யார் அழுத கண்ணோடு வந்திருக்கிறாள் என்று பார்த்ததில்லை. இப்போது அந்த நேரத்தில் பார்க்கிறேன். பார்க்காமல் பேர் வராது.

அந்தப் பெண்களும் பழகிவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் பேர் வருகிற வரைக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்போது வலது கை விரல் நுனியில் கூதல் தெரிகிறது. இடது கையில் தெரிவதற்கு முன்னாலேயே தெரிகிறது. நான் அவசரப்படுவதில்லை. மலை எங்கேயும் போகாது.